ஒருவழிக் கட்டணம்

மூக்குத்தி மட்டும் வரமாட்டேன் என்றது.
தோடு, வளையல், கொண்டை ஊசி,
திருப்பிக் கொடுக்க மறந்த லாக்கர் சாவி
எல்லாம் நீலத் தட்டில் கிடந்தன.
பதினெட்டு வருஷம் கழற்றாத திருகு.
அஸ்லிண்டா சோப்பு நுரை தடவி
"சாக்கிட் கா? சாக்கிட் கா?" என்று
கேட்டுக் கேட்டுத் திருகினாள்.
வலிக்கவில்லை என்றேன்.
வலிக்கிறதா என்று ஒருத்தி கேட்பதற்குக்
குளுகோர் மேடுவரை ஏறி வரவேண்டியிருந்தது.

படுத்துக் கிடக்கும் எட்டுபோல் ஒரு கறுப்புக் கருவி.
உள்ளே செம்புக் கம்பி சுருண்டிருக்கிறதாம்.
டாக்டர் சுவா என் தலையில் நீச்சல் தொப்பி மாட்டி
பேனாவால் புள்ளி வைத்தார்.
"முதலில் உங்கள் கட்டைவிரலைக் கண்டுபிடிப்போம்."
கையில் இருக்கிற விரலை
மண்டையில் தேடினார்கள்.

டக்.
ஒன்றுமில்லை.
அரை அங்குலம் தள்ளி, டக்.
ஒன்றுமில்லை.
இன்னும் கொஞ்சம் பின்னால் —
மடியில் கிடந்த வலது கை,
யாரோ பத்து வெள்ளி நீட்டியதுபோல்,
கட்டைவிரலைத் தூக்கியது.

நான் தூக்கவில்லை.
சத்தியமாக நான் இல்லை.
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
டாக்டர் ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டார்,
சிரிப்பை அல்ல.

இருபத்தொரு வருஷம்
பிறைப் பக்கத்து டோல் சாவடியில்
இந்த விரலால்தான் எண்ணினேன்.
ஏழு வெள்ளி. பத்து தந்தால் மூன்று மீதி.
முகத்தைப் பார்க்காமல் நீளும் கைகள்,
ஒரு ஷிப்டுக்கு ஓராயிரம்.
பிறகு ஒரு பெட்டி வைத்தார்கள். அது பீப் என்றது.
அதன் பிறகு எழுந்து குளிப்பதே
ஒரு நாளின் வேலை ஆனது.
இரண்டு விதமான மாத்திரை. இரண்டும் நாக்கை மட்டும் உலர்த்தின.

இதில் இரண்டு கூட்டம் என்று தாளில் இருந்தது.
ஒன்றுக்குக் காந்தம்.
மற்றதற்குச் சத்தம் மட்டும்.
அதே நாற்காலி, நெற்றியின் இடப்பக்கம்
அதே மரங்கொத்தி.
யாருக்கு எது என்று அஸ்லிண்டாவுக்கும் தெரியாது.
ஒரு கணினிக்குத் தெரியும். அது சொல்லாது.
விரலைத் தேடியது மட்டும் எல்லோருக்கும் நிஜம்.
கையெழுத்துப் போட்டேன்.
எண் முப்பத்தொன்று.

எண் இருபத்தெட்டு குணாளன், பஸ் மெக்கானிக்.
"எனக்கு நிஜம்தான், பல்லெல்லாம் கூசுது" என்பார்.
காத்திருக்கும் நேரத்தில்
ஊறவைத்த மாங்காய்ப் பொட்டலத்தை நீட்டுவார்.
மூன்றாவது வாரம் அவர் வரவில்லை.
நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்.
நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

தினமும் பஸ் என் சாவடியைத் தாண்டியே
பாலத்தில் ஏறும்.
தீவுக்குப் போகத்தான் கட்டணம்.
திரும்பி வர யாரும் எதுவும் கேட்பதில்லை.
வாங்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள்,
திரும்பி வருகிறவர்களை
அத்தனை வருஷமும் நான் பார்த்ததே இல்லை.

இருபதாம் நாள் கடைசித் தாள்:
உங்களுக்குக் கிடைத்தது எது என்று நினைக்கிறீர்கள்?
எத்தனை விழுக்காடு உறுதி?

பதின்மூன்றாம் நாள்
சாப்பிட்ட தட்டை அன்றைக்கே கழுவினேன்.
பதினாறாம் நாள் மாடி வீட்டுக்காரனோடு
ஒழுகும் குழாய்க்காகச் சண்டை போட்டேன்,
நன்றாக இருந்தது.
மறுநாள் பகல் பன்னிரண்டுவரை கட்டிலோடு கிடந்து
அவர்களே போன் செய்து எழுப்பினார்கள்.
இதையெல்லாம் எழுத அந்தத் தாளில் கோடு இல்லை.
ஐம்பது என்று போட்டேன்.

மூக்குத்தியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு
பஸ் ஏறினேன்.
அட்டையைக் காட்டுங்கள் என்றார் ஓட்டுநர்.
கட்டைவிரல் எழுந்தது.
இந்தத் தடவை தூக்கியது யார் என்று
படியிலேயே நின்று யோசித்தேன்.
பின்னால் நின்றவர்
ஹார்ன் அடிக்காத குறை.